பஞ்சநாதனின் நாக்கு

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்சவல்லி குழம்பில் உப்பைக் குறைத்தாள். புருஷனிடம் சொல்லவில்லை.

முந்தின நாள்தான் இருவரும் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, பஞ்சநாதனின் சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் கெட்டுப்போய்விட்டன என்றார். சாப்பாட்டில் உப்பு குறைய வேண்டும். வெயிலில் வேலை கூடாது. “உப்பளத்துல இனிமே இறங்கவே கூடாதுங்க. இந்தக் கோடையும் அங்க நின்னாருன்னா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்று அம்சவல்லியைப் பார்த்துத்தான் சொன்னார். பஞ்சநாதன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் சிரித்தான். “உப்பையும் உடுன்றாங்க, உப்பளத்தையும் உடுன்றாங்க. அப்புறம் நான் இன்னாத்துக்கு மரக்காணத்துல இருக்கணும்? ஊட்டிக்குப் போய்டலாமா அம்சா?”

“போலாம். மொதல்ல அளத்துக்குப் போறத நிறுத்துங்க.”

“நெல்லு வீட்டுக்கு வரட்டும். நிறுத்திடறேன்.”

“வந்தா?”

“வந்தா ஆவணி வரைக்கும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். உன் மேல சத்தியம்.”

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. நெல் வந்தால் அவன் வீட்டில் இருப்பான். வராவிட்டால் சித்திரை வெயிலில் அளத்தில் நிற்பான். ஒரு ஏக்கர் நவரைப் பட்டத்து நெல்லும் ஒரு மனுஷன் உயிரும் ஒன்றாகிப் போனது அப்படித்தான்.

அளத்துக்காரர்கள் அவனை லேசில் விட்டுவிடமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிறவன். பாத்தியில் நிற்கும் தண்ணீர் எப்போது உப்பாகப் பூக்கும் என்று பார்க்க, டிகிரி காட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்றை மேஸ்திரி சடையப்பன் வைத்திருப்பார். அதைவிட அவர் நம்பியது பஞ்சநாதனைத்தான். பஞ்சநாதன் ஒரு விரலை முக்கி நாக்கில் வைப்பான். கண்ணை மூடுவான். “இன்னும் ரெண்டு நாள் நிக்கணும்” என்பான். ரெண்டே நாளில் பூக்கும். “கொழா ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம். இவன் நாக்குக்கு நான் எங்க போவேன்?” என்று சடையப்பன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்வார். அன்றைக்கெல்லாம் பஞ்சநாதன் வீட்டுக்கு வரும்போது நடையே வேறாக இருக்கும்.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பாதி உப்புதான் போட்டாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பிசைந்து சாப்பிட்டான். மறுசோறு கேட்டான். மறுநாள் அதிலும் பாதி போட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு கல் உப்புகூடப் போடாமல் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். அவளுக்கே வாயில் வைக்க முடியவில்லை. மண்ணைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது.

“எப்படி இருக்குது?” என்று கேட்டாள்.

“உப்பு, காரம் எல்லாம் சரியா இருக்குது. இன்னிக்குத்தான் ஒழுங்கா வச்சிருக்கிற.”

கேலி செய்கிறான் என்று முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

இருபத்திரண்டு வருஷம் கடும் உப்பை மட்டுமே தொட்டுத் தொட்டு, அந்த நாக்குக்கு லேசான உப்பு தெரியாமலே போய்விட்டது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. வெயிலில் வேலை செய்தே பழகியவனுக்கு நிலா வெளிச்சம் கண்ணில் படாத மாதிரி. அதை எப்படிச் சொல்வது? உடம்பு போனதை டாக்டர் சொல்லிவிட்டார். நாக்கும் போனதைப் பெண்டாட்டி சொல்ல வேண்டுமா? ஒரு வகையில் நல்லதுதான், பத்தியச் சாப்பாடு என்று தெரியாமலே பத்தியம் இருப்பான் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். குழம்பை எடுத்து மூடிவைத்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழை வரவில்லை. கார்த்திகையில் இரண்டு நாள் தூறியது. ஏரியில் மாடுகள் நடந்து போயின. உப்பளக்காரர்களுக்கு மட்டும் நல்ல வருஷம். மார்கழியிலேயே பாத்தி கட்டத் தொடங்கிவிட்டார்கள். மழை வந்தால் உப்பு கரையும், வராவிட்டால் நெல் கருகும். காலையில் அளத்திலும் மதியத்துக்கு மேல் வயலிலும் வேலை செய்கிறவன் எதற்குச் சாமி கும்பிடுவான்? பஞ்சநாதன் ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லிச் சிரிப்பான். அந்த வருஷம் சிரிக்கவில்லை.

போர்வெல்லை நம்பித்தான் நவரை நட்டார்கள். பயிர் நன்றாகவே தூர் கட்டியது. பங்குனி பிறந்தபோது கதிர் வெளியே வந்துவிட்டது. அதோடு போர் காற்றைக் கக்கியது.

கதிர் வந்த பிறகு நெல்லுக்குள் பால் பிடிக்க வேண்டும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் எல்லாம். அப்போது வேரில் ஈரம் இல்லாவிட்டால் உமி மட்டும் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. வெளியே பார்த்தால் கதிர்தான். கையில் எடுத்தால் பதர்.

பஞ்சநாதன் ஆள் வைத்து, போருக்குள் இன்னும் இரண்டு பைப் இறக்கினான். காலை ஒன்பது மணிக்கு மும்முனை கரண்ட் வந்தது. மோட்டார் இருமியது, சேற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. ஒரு கை தண்டிக்கு, தெளிவாக. பஞ்சநாதன் லுங்கியோடு அதன் அடியில் போய் நின்றுவிட்டான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அம்சவல்லி பார்த்தாள்.

அப்போதுதான் பக்கத்து வயல்காரன் முருகையன் வரப்பு மேல் வந்தான். தூரத்து உறவில் தம்பி முறை. அவனுடைய பழைய கிணற்றில் அடியில் நல்ல ஊற்று ஒன்று இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அவன் பயிர் பதினைந்து நாள் முந்தி, கதிர் முற்றிவிட்டது.

“அண்ணே, எனக்கு இனிமே தண்ணி வேணாம். ரெண்டு பாய்ச்சல் தண்ணி கெணத்துல இருக்குது. சொல்லு, இந்தப் பக்கம் மடையத் திருப்பி உடறேன். இல்லைன்னா கீழண்டை பிரபாகரன் கேட்டுக்கினு இருக்கிறான், அவனுக்குக் குடுத்துடுவேன்.”

“அவனுக்கே குடுடா. எனக்குத்தான் வந்துடுச்சே!” பஞ்சநாதன் இரண்டு கையும் சேர்த்துத் தண்ணீரைப் பிடித்தான். வாயில் ஊற்றிக் கொப்பளித்தான், துப்பினான். பிறகு ஒரு மடக்கு விழுங்கி, கண்ணை மூடினான். அளத்தில் செய்கிற மாதிரியே.

“பன்னீர்டா. எளநீர்டா இது.”

“நெசமாவா? ரொம்ப ஆழம் போயிருக்கியே. கடல் தண்ணி ஏறியிருக்கப் போவுது.”

“நீயே குடிச்சுப் பாரேன்.”

“நான் வாயில போயலைய அடக்கிக்கினு இருக்கிறேன். எனக்குக் கள்ளும் ஒண்ணுதான், கழனித் தண்ணியும் ஒண்ணுதான்.” முருகையன் சிரித்தான். “ஏன், உன் நாக்கு சொல்லிட்டா அதுக்கு மேல கோர்ட்டு இருக்குதா? சரிண்ணே. பிரபாகரன்கிட்ட சொல்லிடறேன்.”

அவன் வரப்பில் நடந்து போனான். அம்சவல்லி மடைப் பக்கம் மண்வெட்டியோடு நின்றாள். அவள் காலைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. குனிந்து ஒரு கை எடுத்துக் குடித்தாள்.

லேசாகத்தான் கரித்தது. அழுத பிறகு உதட்டில் இருக்குமே, அந்த அளவு.

முருகையன் முப்பது அடி தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் திரும்பியிருப்பான். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பையன் மாதிரி வாயைத் திறந்து நின்றான். தன் வாய்தான் சரியில்லையோ என்று அவள் இன்னொரு கை குடித்தாள். அது அவ்வளவு கரிக்கவில்லை என்று தோன்றியது. தோன்ற வேண்டும் என்று அவள் நினைத்ததால் தோன்றியிருக்கலாம்.

முருகையன் வளைவில் மறைந்துவிட்டான்.

அந்தத் தண்ணீரில் ஒரு குடம் வீட்டுக்கும் வந்தது. சாயங்காலம் டீ போட்டபோது பால் திரிந்துவிட்டது. மறுநாளும் திரிந்தது. அன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஏங்க, தண்ணி கொஞ்சம் கரிக்குதே.”

“எந்தத் தண்ணி?”

“நம்ம போர்த் தண்ணிதான். பாலு கூடத் திரிஞ்சு போச்சு.”

“பால்காரன் பழம்பால ஊத்தியிருப்பான். வானூர்க்காரி நாக்குக்கு எல்லாமே கரிக்கும்.” அவள் பிறந்த ஊர் வானூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் மரக்காணத்துக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்று அழுததை அவன் முப்பது வருஷமாகச் சொல்லிச் சிரிப்பவன். “அளத்துல எல்லா பாத்தியும் இந்த நாக்குதான் பாக்குது. இதுக்குத் தெரியாத உப்பு உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். பத்து நாளாகக் குழம்பில் உப்பே இல்லை, நீங்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை. அடுப்படியில் குழம்புச் சட்டி இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். முருகையன் கிணற்றில் அன்றைக்கும் ஒரு பாய்ச்சல் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும்.

“இல்ல, சும்மா சொன்னேன். எனக்குத்தான் வாய் ஒரு மாதிரி இருக்குது” என்றாள்.

மூன்று தடவை அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினார்கள்.

முதல் பாய்ச்சலுக்கு மறுநாள் பயிர் தெளிந்த மாதிரிதான் இருந்தது. ஐந்தாம் நாள் இலை நுனி காய்ந்தது. வெயில் என்றான் பஞ்சநாதன். எட்டாம் நாள் அந்தக் காய்வு இலையின் பாதிக்கு இறங்கியது. அம்சவல்லி அவனுக்குத் தெரியாமல் ஒரு கதிரை உருவி, நெல்லை நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். பால் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது நெல்லில் ஒரு சொட்டு வந்தது. மூன்றாவதில் இல்லை. அதற்கு மேல் அவள் நசுக்கவில்லை.

பங்குனி உத்திரம் கழிந்து இரண்டாம் நாள், வயலில் தண்ணீர் வற்றியிருந்தது. பஞ்சநாதன் வரப்பில் குந்தி உட்கார்ந்திருந்தான். அவள் கஞ்சித் தூக்கோடு போனாள். அவன் கஞ்சியை வாங்கவில்லை. வயல் ஓரத்து மண்ணைக் காட்டினான். மண்ணின் மேல் வெள்ளையாக, மாவு தெளித்த மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. மற்றவர்கள் என்றால் என்னவென்று கேட்டிருப்பார்கள். அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தன் வாழ்நாளில் பாதியை அது பூப்பதற்காகக் காத்திருந்தே கழித்தவன்.

நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

“உப்பு” என்றான்.

அவள் தூக்கைக் கீழே வைத்தாள்.

“நீ அன்னிக்கே சொன்ன.”

“நான் சும்மா...”

“சும்மா சொல்லல. உனக்குத் தெரிஞ்சிருக்குது.” அவள் முகத்தையே பார்த்தான். “எனக்கு ஏன் தெரியல அம்சா?”

அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து சொன்னாள். பாதி உப்பு, கால் உப்பு, கத்திரிக்காய்க் குழம்பு. அவன் கோபப்படுவான், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கடைசியில், “நேத்து மொச்சைக் கொழம்பு?” என்று கேட்டான்.

“அதுலயும் இல்ல.”

“அது ரொம்ப நல்லா இருந்துச்சே” என்றான்.

அறுவடை மெஷின்காரன் வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “டீசல் செலவுக்கு ஆவாதுங்க, மாட்டுக்கு அறுத்துப் போடுங்க” என்றான். பஞ்சநாதன் கேட்கவில்லை. ஆள் விட்டு அறுத்து, களத்தில் அடித்து, இருவருமாகத் தூற்றினார்கள். காற்றில் போனதுதான் அதிகம். முறத்தடியில் விழுந்தது கொஞ்சம். முப்பது மூட்டை எடுத்த நிலத்தில் ஆறு மூட்டை.

அதையும் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். பாதி பறந்தது. மிஞ்சிய நெல்லில் நாலைந்தை உரித்து வெளிச்சத்தில் காட்டினார். அரிசியின் வயிறு சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. இரண்டு விரலால் அழுத்தினார். அரிசி மாவாக உடைந்தது.

“ஏம்பா, இத நான் எப்படி எடுக்கறது? எங்கயாச்சும் தண்ணி உப்பா?”

பஞ்சநாதன் குனிந்து மூட்டையின் வாயைக் கட்டினான்.

“போர்த் தண்ணி சார்” என்றாள் அம்சவல்லி.

“குடிச்சுப் பாத்துட்டுப் பாய்ச்சக் கூடாதாம்மா? உப்பளத்துப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லணுமா?”

மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது பஞ்சநாதன் தன் நாக்கின் மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அழுக்கை எடுக்கிற மாதிரி.

அறுப்புக்காக அளத்துக்குப் போகாமல் இருந்தவன், சித்திரை மூன்றாம் தேதி விடிகிற நேரத்தில் மறுபடி கிளம்பினான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“போவாதீங்க. டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?”

“நெல்லு வந்தா நிக்கறேன்னு சொன்னேன். வந்துச்சா?”

“ரேஷன் அரிசி இருக்குது. நான் நூறு நாள் வேலைக்குப் போறேன். கஞ்சி குடிச்சிக்கினு கெடப்போம். உங்க காலைப் புடிச்சுக்கறேன்.”

“மாத்திரைக்கு ரேஷன் இருக்குதா?” அவன் அவள் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினான். “வெயில் ஏறதுக்கு முன்னாடி வந்துடுவேன். சடையப்பன்கிட்ட சொல்லிட்டேன். பாத்தி பாக்கற வேலை மட்டும்தான்.”

“எதால பாப்பீங்க?” என்று அவள் கேட்டுவிட்டாள்.

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். “கொழா இருக்குது இல்ல, அதால” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாத்தி பார்க்கும் வேலை நாலு நாள். ஐந்தாம் நாள் ஆள் போதவில்லை என்று உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்தான். மழையில்லாத வருஷத்தில் உப்பு மலையாக விளைந்திருந்தது. வாரி முடியவில்லை. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, வாரும் பலகையை வரப்பில் சாத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். களைப்பாறுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரைமணி நேரம் கழித்து சடையப்பன் கூப்பிட்டுப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வந்தது. புதுச்சேரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியத்தன்று படையலுக்கு யார் வீட்டு அரிசியும் வேண்டாம் என்று அம்சவல்லி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அந்த ஆறு மூட்டையில் ஒன்றை மில்லில் அரைத்து வந்திருந்தார்கள். முழு அரிசி என்று ஒன்றும் தேறவில்லை. எல்லாம் நொய். வேகவைத்தால் சோறாக நிற்காமல் களியாகக் குழைந்தது. அதையே உருண்டை பிடித்து வைத்தாள். முருகையன் பெண்டாட்டி அருக்காணி கூடமாட உதவினாள்.

குழம்புக்கு மொச்சை. புளி கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் உப்பு ஜாடியைத் திறந்தாள். செத்தவர்களுக்குப் படைக்கும் சமையலை வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. கையளவுதான் கணக்கு. அவள் கைக்கோ இரண்டு மாதமாகக் கணக்கு மறந்திருந்தது. இனி அவனுக்குக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு பிடி போட்டாள். இதுகூட அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று இன்னொரு பிடி போட்டாள். அப்புறம் இன்னொன்று.

படைத்து முடிந்து பந்தி உட்கார்ந்தது. முருகையன் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு இலையைப் பார்த்தான். சடையப்பன் தண்ணீர் டம்ளரை எடுத்தார். எல்லோரும் குனிந்து, குழம்பு படாத பக்கமாகச் சோற்றைத் தள்ளித் தின்றார்கள்.

கடைசியாக அம்சவல்லியும் அருக்காணியும் உட்கார்ந்தார்கள். அருக்காணி ஒரு வாய் வைத்தாள். மெல்லாமல் விழுங்கினாள். கண்ணில் நீர் கோத்தது.

“எப்படி இருக்குது?” என்று கேட்டாள் அம்சவல்லி.

“நல்லா இருக்குதுக்கா. எல்லாம் அளவா இருக்குது.”

அம்சவல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அருக்காணிக்கு வலித்திருக்க வேண்டும்.

“பொய் சொல்லாத. கரிக்குதுன்னா கரிக்குதுன்னு சொல்லு.”

“வேணாங்க்கா...”

“சொல்லுடி. வாயத் தொறந்து சொல்லு.”

அருக்காணி அழத் தொடங்கினாள். “கரிக்குதுக்கா. வாயிலயே வைக்க முடியல.”

அம்சவல்லி கையை விட்டாள். “ஆமா” என்றாள். தன் இலையில் இருந்த குழைந்த சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.